'ஆம்' என்று எழுதிய கட்டம்

தொலைபேசி நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் விற்பது கஷ்டம். அதை வாங்குவது இன்னும் கஷ்டம். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த ஒருவரின் கணக்கு இது.

கேள்விகள் மொத்தம் 1,832. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: 'ஆம்', 'ஓரளவு', 'இல்லை'. 'ஆம்' என்றால் இரண்டு மதிப்பெண். 'ஓரளவு' என்றால் ஒன்று. 'இல்லை' என்றால் பூஜ்யம். மொத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள்.

2008 ஆகஸ்டில் ஓர் இரவு. பெங்களூர் ஜெயநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்த வாடகை அலுவலகத்தில், அவர் 614-ஆவது கேள்வியில் நின்றுகொண்டிருந்தார். மணி இரண்டு. காலை விமானத்தில் தில்லி போக வேண்டும். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு டெண்டர் பெட்டி மூடப்பட்டுவிடும்.

கேள்வி சாதாரணமானது. மாத நடுவில் ஒரு சந்தாதாரர் ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு மாறினால், இரண்டு திட்டங்களின் மாத வாடகையையும் நாள் கணக்கில் பிரித்து பில் போட முடியுமா? அவருடைய நிறுவனத்தின் சாஃப்ட்வேரால் அது முடியாது. திட்டம் மாற வேண்டுமென்றால் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே 'இல்லை' கட்டத்தில் நிறைய டிக் விழுந்திருந்தது. புரோகிராம் எழுதும் சேலத்துப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆறு வாரம் குடுங்க சார், முடிச்சிடலாம்."

"நிச்சயமாவாப்பா?"

"முடிச்சிடலாம் சார்."

டெண்டர் கிடைத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, வேலை தொடங்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும். ஆறு வாரம் எந்த மூலைக்கு? அவர் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு 615-க்குப் போனார். 42 பேர் சம்பளம் வாங்கும் நிறுவனம் அது. அந்த டெண்டர் கிடைக்காவிட்டால் ஜனவரிச் சம்பளத்துக்கு வழியில்லை என்பது அவருக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மீட்டரைப் படம் பிடித்த காலம்

வியாபாரத்துக்கு வருமுன் அவர் அரசு ஊழியர். 1986-இல் தொலைத்தொடர்புத் துறையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தவர். அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையத்தில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சின்ன மீட்டர் உண்டு. சுவர் முழுக்க வரிசை வரிசையாக மீட்டர்கள். ஒருவர் பேசப் பேச அவருடைய மீட்டர் 'டிக் டிக்' என்று நகரும். குறிப்பிட்ட நாளில் காமிராவுடன் வந்து வரிசைவரிசையாகப் படம் எடுப்பார்கள். பிலிமைக் கழுவி, போன தடவை எண்ணைக் கழித்து, மீதிக்கு பில். அதிகப் பணம் போட்டுவிட்டார்கள் என்று சந்தாதாரர் சண்டைக்கு வந்தால், ஃபோட்டோவைக் காட்டி அனுப்பிவிடலாம். அதற்கு மேல் கேட்க அவருக்கும் வழியில்லை, சொல்ல இவர்களுக்கும் விஷயமில்லை.

எலெக்ட்ரானிக் நிலையங்கள் வந்ததும் அந்த மீட்டர்கள் மறைந்தன. யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் இயந்திரமே ஒரு குறிப்பு எழுதியது. செல்போன் வந்ததும் அந்தக் குறிப்புகள் வெள்ளமாகப் பெருகின. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியில் இருந்த சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. அந்த விலையில் ஒரு குறிப்பு தொலைந்தாலும் நஷ்டம்தான்.

ஆக, அழைப்பு முடிந்த நொடியிலிருந்து பணம் வந்து சேரும் வரை ஒரு நீண்ட வரிசை வேலை இருக்கிறது. நிலையங்களிலிருந்து குறிப்புகளைச் சேகரிக்க ஒரு சாஃப்ட்வேர். ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் ஒவ்வொரு பாஷையில் எழுதும். அதை ஒரே பாஷைக்கு மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் விலை போட ஒன்று. மாதக் கடைசியில் பில் அச்சடிக்க ஒன்று. புது இணைப்பு கேட்டவருக்கு இணைப்பு கொடுக்க, எந்தக் கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று கணக்கு வைக்க, எங்கே பழுது என்று எச்சரிக்க, எங்கே வருமானம் கசிகிறது என்று கண்டுபிடிக்க என்று தனித்தனியாக இன்னும் நாலைந்து. சந்தாதாரர் கண்ணில் படுவது கோபுரமும் கைபேசியும்தான். நிறுவனத்தை நடத்துவது, கண்ணில் படாத இந்தச் சரக்கு.

இந்தச் சரக்கை விற்கத்தான் 1998-இல் அவர் அரசு வேலையை உதறிவிட்டு பெங்களூர் போனார். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. பென்ஷன் உள்ள வேலையை விட்டுவிட்டு என்ன விற்கப் போகிறார் என்று மாமனார் கேட்டதற்கு, கையில் எடுத்துக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

ஐந்து சாமிகள்

அரிசி விற்பவருக்கு வாங்குபவர் யார் என்று தெரியும். தொலைபேசி நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் விற்பவருக்கு அது தெரிய ஆறு மாதம் ஆகும். கம்ப்யூட்டர் பிரிவு கூப்பிடும்; ஆனால் பணம் நிதிப் பிரிவிடம் இருக்கும். புதுத் திட்டங்களை நினைத்தபோது அறிவிக்க வேண்டும் என்பது மார்க்கெட்டிங் பிரிவின் ஆசை. தன் இயந்திரத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்பது நெட்வொர்க் பிரிவின் பிடிவாதம். எல்லாம் முடிந்த பிறகு கொள்முதல் பிரிவு வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஐந்து சாமிகளுக்கும் படையல் போட வேண்டும். ஒரு சாமி கோபித்துக்கொண்டாலும் வரம் கிடைக்காது. வரம் கொடுக்கும் அதிகாரம் மட்டும் எந்த ஒரு சாமிக்கும் கிடையாது.

அதிலும் இது சின்னப் படையல். கோபுரங்களுக்கும் நெட்வொர்க் இயந்திரங்களுக்கும் ஆயிரக்கணக்கான கோடி செலவு செய்யும் நிறுவனத்துக்குப் பத்துக் கோடி ரூபாய் சாஃப்ட்வேர் ஒரு பொருட்டல்ல. இயந்திரம் விற்கும் வெளிநாட்டு நிறுவனம், "எங்களிடம் இதை வாங்கினால் அந்த சாஃப்ட்வேரை இலவசமாகவே தருகிறோம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். இலவசத்தோடு யார் போட்டி போட முடியும்?

2004-இல் பாரதி நிறுவனம் தன் கம்ப்யூட்டர் வேலைகள் அனைத்தையும் பத்து வருஷ ஒப்பந்தத்தில் ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. சாஃப்ட்வேரை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது என்பது ஏற்பாடு. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. வாங்குபவருக்கு அது புத்திசாலித்தனம். முதலீடு குறைகிறது, தலைவலி இடம் மாறுகிறது. அவரைப் போன்ற சின்ன விற்பனையாளர்களுக்கோ கதவு ஒன்று சாத்தப்பட்டது. இனி தொலைபேசி நிறுவனத்தின் வாசலில் அல்ல, ஐ.பி.எம். போன்ற பெரிய நிறுவனத்தின் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டும்.

கேள்வித்தாள்களின் கதையே தனி. 1,832 கேள்விகளை எந்த நிறுவனமும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. பழைய டெண்டர் ஒன்றிலிருந்து எடுப்பார்கள். அது அதற்கு முந்தைய டெண்டரிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் பெயரை நீக்க மறந்த பக்கங்களை அவர் பார்த்திருக்கிறார். நெருக்கமான விற்பனையாளரையே எழுதித் தரச் சொல்வதும் உண்டு. அவரும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் சரக்கால் மட்டும் முடியும் ஏழெட்டு விஷயங்களை நடுவில் செருகி வைத்தால் போட்டியாளர்கள் திணறுவார்கள். போட்டியாளர் எழுதிக் கொடுத்த தாளில் இவர் திணறுவார். இதில் வாங்குபவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்குத் தாளில் இடமும் இல்லை.

இருக்கிறது என்று சொன்னார்

அந்த டெண்டரில் மூன்று நிறுவனங்கள் தேறின. 'டெமோ' காட்ட அழைப்பு வந்தது. இரண்டு மாதம், நான்கு பேர், குர்காவ்னில் வாடகை வீடு, எல்லாம் சொந்தச் செலவு. டெமோவுக்கென்றே தயாரித்த பொய்ச் சந்தாதாரர்கள் யாரும் மாத நடுவில் திட்டம் மாறவில்லை.

வாங்கும் நிறுவனத்தின் தரப்பில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் இளம் பெண் மேலாளர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. 1,832 கேள்விகளையும் உண்மையாகவே படித்த ஒரே நபர் அவர்தான். ஒருநாள் சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, அவரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டார். 614 நிஜமாகவே இருக்கிறதா? இல்லையென்றால் பரவாயில்லை, இப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கேற்பத் திட்டங்களை மாற்றி அமைக்கச் சொல்லி மார்க்கெட்டிங் பிரிவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

இருக்கிறது என்று அவர் சொன்னார்.

இப்போது அதை நினைவுகூரும்போது, டிக் அடித்த இரவைப் பற்றி அவர் அதிகம் வருத்தப்படுவதில்லை. அது தாளிடம் சொன்ன பொய். எல்லாரும் சொல்வது. இந்தச் சாயங்காலம்தான் அவரை விடவில்லை. தப்பித்துக்கொள்ள வழி செய்து கொடுத்து ஒருவர் கேட்டபோது சொன்ன பொய் அது.

பிறகு விலைப் பேரம். 11 கோடி ரூபாய் என்று தொடங்கிய விலை, எட்டு சுற்றுகளில் 6.4 கோடிக்கு இறங்கியது. கடைசிச் சுற்று இரவு பதினொன்றரைக்கு. போட்டியாளர் பக்கத்து அறையில். நடுவில் ஓர் அதிகாரி இரண்டு அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். விலை குறைந்த அளவுக்கு வேலை குறையவில்லை. இதுவும் விற்பனையாளர்களுக்குத் தெரிந்த ரகசியம்தான்: இழந்ததை, ஒப்பந்தத்தில் இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் வாங்கி மீட்டுவிடலாம். அதனால்தான் முதல் நாள் கைகுலுக்கும்போதே இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

2009 கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு வாரம் என்று சொன்ன பையன் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். அதோடு அந்த வருஷம்தான் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்று அறிவித்து சந்தையைத் தலைகீழாக்கியிருந்தது. மற்றவர்களும் வரிசையாகப் பின்னால் ஓடினார்கள். நிமிடக் கணக்குக்கு எழுதிய சாஃப்ட்வேரை வினாடிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வேறு, 2010 நவம்பரில் ஹரியானாவிலும் 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. இருந்த பத்துப் பதினைந்து புரோகிராமர்களும் இந்த இரண்டில் மூழ்கிப்போனார்கள். 614-ஐ யாரும் தொடவில்லை.

சேவை தொடங்கிய மூன்றாவது மாதத்தில் முதல் புகார் வந்தது. 299 ரூபாய்த் திட்டத்திலிருந்து 499 ரூபாய்த் திட்டத்துக்கு மாத நடுவில் மாறிய ஒருவருக்கு இரண்டு வாடகையும் முழுசாகச் சேர்ந்து 798 ரூபாய்க்கு பில் போயிருந்தது. பிறகு நூற்றுக்கணக்கில் புகார்கள். கால் சென்டரில் காது கொடுத்துக் கேட்ட பெண்களுக்குச் சொல்லப் பதிலில்லை. "அடுத்த பில்லில் சரியாகிவிடும்" என்று சொல்லச் சொல்லி உத்தரவு. அடுத்த பில்லில் சரியாகவில்லை. பில் துல்லியம் பற்றி டிராய் 2006-இல் கொண்டுவந்த விதிமுறையின்படி ஒவ்வொரு நிறுவனமும் வருஷாவருஷம் தணிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. தணிக்கையாளர்கள் முதலில் கண்டுபிடித்ததே இதைத்தான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

614-ஐ எழுதி முடிக்க ஆறு வாரம் ஆகவில்லை. பதினோரு மாதம் ஆயிற்று.

விசாரணையில் அந்த 'ஆம்' மேஜைக்கு வந்தது. அதன் பக்கத்தில், சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பெண் மேலாளரின் சுருக்கொப்பம் இருந்தது. விற்பனையாளரைத் தூக்கி எறிந்தால் பில்லே போட முடியாது. ஆகவே, அபராதத் தொகையோடு விற்பனையாளர் தப்பினார். அந்தப் பெண் கிழக்கே ஒரு சின்ன வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். கடைசி நாளில் அவருடைய மேஜைக்குப் போனபோது, அவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. 1,832 கேள்வித் தாளை அலமாரியில் வைத்துவிட்டுப் போவதாக மட்டும் சொன்னார். அடுத்து வருபவருக்கு உதவும் என்றார்.

கை மாறும் சரக்கு

விற்பவர் பொய் சொன்னார் என்பது பாதிக் கதை. மீதி, இந்தத் தொழிலின் ஓட்டை. வாங்குபவர் பத்து வருஷத்துக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்கிறார். பெண் வீட்டாரோ அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற ஒரு பில்லிங் சாஃப்ட்வேரின் ஜாதகத்தைப் பார்த்தால் இது புரியும். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திய கெனான் சாஹின் 1982-இல் தொடங்கிய நிறுவனம் கெனான் சிஸ்டம்ஸ். அதன் பில்லிங் சாஃப்ட்வேர் பல நாடுகளுக்குப் போனது. 1999-இல் லூசென்ட் நிறுவனம் அதைச் சுமார் 148 கோடி டாலருக்கு வாங்கியது. தொலைத்தொடர்பு நீர்க்குமிழி உடைந்த பிறகு, 2002-இல், ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு சி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் விற்றது. 2005-இல் அது கம்வர்ஸ் கைக்குப் போனது. 2015-இல் கம்வர்ஸின் பில்லிங் வியாபாரத்தையே பரம வைரியான ஆம்டாக்ஸ் வாங்கிவிட்டது. முதலில் வாங்கிய தொலைபேசி நிறுவனம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சரக்கின் முதலாளி மட்டும் நாலு முறை மாறிவிட்டார். ஒவ்வொரு மாற்றத்திலும் அதை எழுதியவர்களில் சிலர் விலகிப்போகிறார்கள். 'அடுத்த வருஷம் இந்த வசதி வரும்' என்று யாரோ கொடுத்த வாக்கைப் புது முதலாளி கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

இந்திய நிறுவனங்களுக்கும் பாதை சுலபமாக இல்லை. வருமானக் கசிவையும் மோசடியையும் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் உலக அளவில் பெயர் எடுத்த பெங்களூர் சுபெக்ஸ், 2006-இல் பிரிட்டனின் அஸூர் நிறுவனத்தையும் 2007-இல் கனடாவின் சிண்டெசிஸ் நிறுவனத்தையும் வாங்கியது. வெளிநாட்டு நாணயத்தில் கடன் பத்திரம் வெளியிட்டது. அடுத்த வருஷமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. அந்தக் கடனின் பாரம் பல வருஷம் அதன் முதுகில் இருந்தது.

பெரியவர்களுக்கே இப்படி என்றால், 42 பேர் நிறுவனம் எம்மாத்திரம்? 2008 ஜனவரியில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பத்திரிகைகள் அமைச்சரைப் பற்றியும் அலைக்கற்றையைப் பற்றியும் எழுதின. ஜெயநகர் மாடியில் அந்த மாலை வேறு ஒரு கணக்கு நடந்தது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரின் உரிமங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. 6.4 கோடியில் 2.1 கோடி இன்னும் வரவில்லை. அது வரவே இல்லை. ஆறு மாதத்தில் பல் ஆஸ்பத்திரிக்காரர் மாடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். நாள் கணக்கில் வாடகையைப் பிரிக்கும் வசதி அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பில் போடத்தான் சந்தாதாரர் இல்லை.

மேஜையின் அந்தப் பக்கம்

2013-இல் அவர் குர்காவ்னில் வேறொரு தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். இந்த முறை வாங்கும் பக்கம். விற்பவர் பக்கத்துத் தந்திரம் எல்லாம் தெரிந்தவர் என்பதுதான் வேலை கொடுத்ததற்குக் காரணம்.

போன பிறகுதான் வாங்குபவரின் கஷ்டம் புரிந்தது. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதே அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. ஒரே சந்தாதாரர் ஐந்து கம்ப்யூட்டர்களில் ஐந்து விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தார். காலியாக இருப்பதாகப் பதிவில் உள்ள துளையைத் திறந்து பார்த்தால் கம்பி செருகியிருக்கும். எல்லாச் சாஃப்ட்வேரையும் இணைப்பது உண்மையில் ஒரு குமாஸ்தாவின் எக்ஸெல் தாள். அவர் லீவில் போனால் புது இணைப்புகள் தாமதமாகும். புது சாஃப்ட்வேர் வாங்கும்போது விற்பனையாளர்கள் எல்லாரும் பளபளப்பான திரைகளைக் காட்டுவார்கள். பழைய குப்பையை யார் சுத்தம் செய்து உள்ளே கொண்டுவருவது என்பது 'வாங்குபவர் பொறுப்பு' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பாதித் திட்டங்கள் மூழ்குவது அந்தக் குப்பையில்தான்.

2014-இல் அவர் பொறுப்பில் முதல் டெண்டர் வந்தது. அலுவலகத்தில் கொடுத்த மாதிரிக் கேள்வித்தாளைப் புரட்டினார். எங்கேயோ பார்த்த வாசகங்கள். நடுவில் ஏழெட்டுக் கேள்விகள் அவரே, தன் கையாலேயே, பெங்களூர் சரக்குக்காக எழுதியவை. அந்தச் சரக்கும் இல்லை, அந்த நிறுவனமும் இல்லை. கேள்விகள் மட்டும் நிறுவனம் நிறுவனமாக நடந்து இங்கே வந்து சேர்ந்திருந்தன.

அவர் அந்தத் தாளை 140 கேள்விகளாகக் குறைத்தார். நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'இன்று இல்லை, எப்போது வரும், என்ன செலவு?' அந்தக் கட்டத்தில் எழுதுபவருக்கு மதிப்பெண் குறையாது என்று விதி போட்டார். கொள்முதல் பிரிவு முகம் சுளித்தது. மதிப்பெண் வித்தியாசமே இல்லையென்றால் எதை வைத்துத் தேர்வு செய்வது என்று கேட்டது. கேள்வி நியாயம்தான். ஒரு வழியாகச் சம்மதித்தார்கள்.

புனேயிலிருந்து வந்த ஒரு சின்ன நிறுவனத்தின் இளைஞன் மட்டும் அந்த நான்காவது கட்டத்தை நம்பினான். ஒன்பது இடங்களில் 'இன்று இல்லை' என்று எழுதி, தேதியும் செலவும் குறிப்பிட்டிருந்தான். மற்ற இருவரும் 140-க்கும் 'ஆம்'. புனே நிறுவனம் அந்த ஒன்பதுக்கான செலவையும் விலையில் சேர்த்திருந்ததால் அதன் தொகை அதிகமாகத் தெரிந்தது. குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் போயிற்று. கோப்பில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். உண்மை எழுதச் சொன்னவரே உண்மை எழுதியவனைத் தோற்கடித்தார். தகவல் சொல்ல அவனுக்கு ஃபோன் செய்தபோது, "பரவாயில்லை சார்" என்றான். அந்தச் சொல்லையும் அவர் முன்பு ஒரு மேஜை அருகே கேட்டதுபோல இருந்தது.

அடுத்த வாய்ப்பு 2018-இல் வந்தது. சந்தையே மாறிப்போயிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கட்டணங்கள் நொறுங்கின. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிய வட்டாரங்களில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏர்செல் திவாலானது. டெலினாரின் இந்தியப் பிரிவு ஏர்டெல்லில் கலந்தது. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இரண்டு நிறுவனம் ஒன்றாகும்போது இரண்டு பில்லிங் சாஃப்ட்வேரில் ஒன்று சாகும். விற்பவர்களுக்குப் போய் நிற்க வாசல்களே குறைந்துவிட்டன. அதனால் 'இல்லை' என்று எழுதும் தைரியம் முன்னைவிடக் குறைந்திருந்தது.

இந்த முறை அவர் கட்டங்களை நம்பவில்லை. ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். 'ஆம்' என்று எழுதிய எதையும், விலைக் கவர் பிரிக்குமுன், எங்கள் சொந்தச் சந்தாதாரர்களின் பெயர் நீக்கிய பழைய கணக்குகளை வைத்து, எங்கள் அறையில், இரண்டு நாளில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாத 'ஆம்' 'இல்லை' ஆகிவிடும். அதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை வாங்கும் நிறுவனமே தரும். இந்தக் கடைசி வரிக்குத்தான் பெரிய எதிர்ப்பு. விற்க வருபவனுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றார்கள். பொய்க்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், கணக்கில் வேறு பெயரில் இருக்கிறது என்று அவர் சொன்னார். நான்கு கூட்டம் நடந்த பிறகு நிபந்தனை நிறைவேறியது.

அந்த இரண்டு நாளில் எல்லாருடைய 'ஆம்'களும் கொஞ்சம் கொஞ்சம் உதிர்ந்தன. ஒரு பெரிய நிறுவனம் முதல் நாள் மத்தியானமே விலகிக்கொண்டது. கடைசியில் வாங்கியதும் குறையில்லாத சரக்கு அல்ல. ஆனால் குறை எது என்று கையெழுத்துப் போடுமுன்பே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. பில் வெளியாகும் முதல் மாதம், மாத நடுவில் திட்டம் மாறியவர்களின் கணக்கை ராத்திரி உட்கார்ந்து அவரே ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

இன்று அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓய்வுபெற்று மைசூரில் இருக்கிறார். அந்த 140 கேள்விகள் குர்காவ்னில் இன்னும் புழங்குவதாகச் சொல்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு அதில் ஒரு விஷயம் விளங்குவதில்லை. முதல் கேள்வி நெட்வொர்க் பற்றியதாகவோ, எத்தனை கோடி சந்தாதாரர்களைத் தாங்கும் என்பதாகவோ இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, மாத நடுவில் திட்டம் மாறினால் வாடகையை நாள் கணக்கில் பிரிக்க முடியுமா என்ற சின்ன விஷயம் ஏன் முதலில் இருக்கிறது?

2018-இல் கமிட்டியிலும் ஒருவர் இதைக் கேட்டார். எங்கேயாவது தொடங்க வேண்டுமே என்று மட்டும் அவர் பதில் சொன்னார்.